இரண்டே திருகாணி! தங்கமா, தகரமா என்று தீர்மானிக்கும் 'டார்க் ரெஞ்சு'

2008-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். சீனத் தலைநகர் பெய்ஜிங்கில் ஒலிம்பிக் பந்தயம்.

10 மீட்டர் காற்று ரைபிள் போட்டியில் இந்திய வீரர் அபினவ் பிந்த்ரா 700.5 புள்ளிகள் எடுத்தார். சீன வீரர் ஷூ கினான் எடுத்தது 699.7. வித்தியாசம் ஒரு புள்ளிகூட இல்லை. வெறும் 0.8! அதுதான் தங்கத்தையும் வெள்ளியையும் பிரித்தது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2012-ல், சென்னையில் பிறந்த ககன் நரங் லண்டன் ஒலிம்பிக்கில் இதே போட்டியில் வெண்கலம் வாங்கினார்.

இந்தப் போட்டியில் 'பத்து' என்னும் நடுப்புள்ளி எவ்வளவு பெரியது தெரியுமா? அரை மில்லிமீட்டர்! பேனா முனையால் ஒரு புள்ளி வைத்தால் எவ்வளவு இருக்குமோ, அவ்வளவுதான்.

வீரனின் கண்ணைப் பற்றிப் பேசுகிறார்கள். மூச்சைப் பற்றிப் பேசுகிறார்கள். மனஉறுதியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். ஆனால் துப்பாக்கியின் அடிவயிற்றில் ஒளிந்திருக்கும் இரண்டு திருகாணிகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவை சரியாக இல்லாவிட்டால் கண், மூச்சு, மனம் மூன்றும் வீண்தான்.

இரும்பும் கட்டையும்

செங்கல்பட்டு மாவட்டத்துக்குத் துப்பாக்கி புதிதல்ல. 1752-ம் ஆண்டில் செங்கல்பட்டுக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்தவர் ராபர்ட் கிளைவ். அன்றைய ஆங்கிலேயர் துப்பாக்கியில் இரும்புக் குழலையும் மரக்கட்டையையும் சேர்த்துப் பிடித்திருந்தவை சிறு குறுக்கு ஊசிகள். பிரெஞ்சுத் துப்பாக்கியில் இரும்புப் பட்டைகள். எதிரே நூறு கஜத்தில் கூட்டமாக நிற்கும் சிப்பாய்களைச் சுட அது போதும். அரை மில்லிமீட்டர் யாருக்கு வேண்டியிருந்தது?

இன்று அதே மாவட்டத்தில், ஒத்திவாக்கத்தில், தமிழ்நாடு போலீசாரின் துப்பாக்கி சுடும் தளம் இருக்கிறது. 2023-ல் பல மாநிலங்களிலிருந்தும் வந்த பெண் போலீசார் அங்கே போட்டியிட்டார்கள். இப்போது கணக்கு மில்லிமீட்டரில்!

பந்தய ரைபிள் என்பது இரண்டு பாகம். குழலும் அதன் பின்னே குண்டு அமரும் அறையும் சேர்ந்த இரும்புப் பகுதி ஒன்று. தோளில் அண்டக் கொடுக்கும் கட்டை மற்றொன்று. கட்டை என்று பெயரே தவிர, இப்போது அலுமினியத்திலும் செய்கிறார்கள். இவ்விரண்டையும் இணைப்பவை பெரும்பாலும் இரண்டு திருகாணிகள். சில ரைபிள்களில் ஒன்றே ஒன்று!

சுடும்போது குழல் அதிர்கிறது; தம்புராவின் தந்தியைப் போல. தந்தியை எங்கே, எவ்வளவு முறுக்கியிருக்கிறது என்பதைப் பொறுத்து நாதம் மாறுகிறது அல்லவா? திருகாணியின் இறுக்கம் மாறினால் குழலின் அதிர்வும் மாறும். அதிர்வு மாறினால் குண்டு வெளியேறும் திசை மாறும். ஒரே வீரன், ஒரே குறி, ஒரே ரகக் குண்டு. ஆனாலும் துளைகள் இரண்டு கும்பலாகப் பிரிந்து விழும். அவன் தன் மூச்சை நொந்துகொள்வான். பயிற்சியாளர் அவன் தோளைக் குறை சொல்வார். குற்றவாளியோ கட்டைக்குள் ஒளிந்திருப்பான்!

தொலைநோக்கி பொருத்திய ரைபிளில் ஆபத்து இன்னும் வெளிப்படை. தொலைநோக்கியைத் தாங்கும் இரண்டு வளையங்களுக்கு இடையே 10 சென்டிமீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். திருகாணி தளர்ந்து, ஒரு முனை 0.02 மில்லிமீட்டர் நகர்கிறது. தலைமுடியின் கனத்தில் பாதிகூட இல்லை. 50 மீட்டருக்கு அப்பால் அது 10 மில்லிமீட்டராகப் பெருகிவிடும். 50 மீட்டர் ரைபிள் போட்டியில் பத்தாம் வட்டத்தின் முழு அகலமே 10.4 மில்லிமீட்டர்தான். நட்டநடுவில் பாய வேண்டிய குண்டு ஒன்பதில் போய் விழும்.

கை செய்யும் மோசம்

"கையால் இறுக்கினால் தெரியாதா? எத்தனை வருட அனுபவம்!" என்பவர்கள் உண்டு. அனுபவம் மதிக்கத்தக்கதே. ஆனால் காலையில் இறுக்கும் கை வேறு, மாலையில் களைத்த கை வேறு. வியர்த்த கை வேறு, உலர்ந்த கை வேறு. ஆலன் சாவியின் நீண்ட முனையைப் பிடித்தால் ஒரு இறுக்கம், குட்டை முனையைப் பிடித்தால் வேறு இறுக்கம். 'கெட்டியாக' என்பது ஓர் அளவே அல்ல.

தளர்ந்தால்தான் கெடுதல் என்று நினைப்பதும் தவறு. அளவுக்கு மீறி இறுக்கினால் மரம் நசுங்கும். இரும்புப் பகுதி வளைந்து நிற்கும். தொலைநோக்கியின் குழாயில் பள்ளம் விழும். மரை கழன்றுபோகும். திருகாணியின் தலையே முறிந்து கையோடு வந்துவிடுவதும் உண்டு!

தண்ணீர்க் குழாய் தந்த கருவி

இந்தத் தொல்லைக்கு மருந்து கண்டவர் துப்பாக்கிக்காரர் அல்ல. அமெரிக்காவின் நியூயார்க் நகரக் குடிநீர் இலாகாவில் வேலை பார்த்த கான்ராட் பார் என்பவர். பூமிக்கடியில் போகும் குழாய்களின் இணைப்புகளைத் தொழிலாளர்கள் ஆவேசமாக முறுக்கியதால் போல்டுகள் முறிந்தன. 'இவ்வளவுதான், இதற்கு மேல் வேண்டாம்' என்று சொல்லும் ஸ்பானர் ஒன்றை அவர் 1918-ல் யோசித்தார். 1937-ல் அவருக்கு அதற்கான காப்புரிமை கிடைத்தது. அதுதான் டார்க் ரெஞ்சு.

முறுக்கு விசையை நியூட்டன் மீட்டர் என்ற கணக்கில் அளக்கிறார்கள். பந்தய ரைபிளின் திருகாணிக்கு 5 நியூட்டன் மீட்டர் என்பது சர்வசாதாரணமான அளவு. 20 சென்டிமீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் இரண்டரைக் கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டால் எவ்வளவு முறுக்கு வருமோ, ஏறக்குறைய அவ்வளவு. காரின் சக்கர நட்டுக்கு 100 நியூட்டன் மீட்டர் வரை வேண்டும். மறைமலைநகர் வட்டாரத்து மோட்டார்த் தொழிலாளிக்குப் பழக்கமான பெரிய ரெஞ்சைக் கொண்டுவந்து ரைபிளில் மாட்டுவது, தங்கம் நிறுக்க விறகுக்கடைத் தராசைக் கொண்டுவந்த கதைதான்.

எதை வாங்குவது?

ரைபிளுக்கு 1 முதல் 10 நியூட்டன் மீட்டர் வரை அளக்கும் சிறிய ரெஞ்சே போதும். கால் அங்குலச் சதுர முனை உள்ளது கிடைக்கிறது. ஸ்க்ரூ டிரைவர் வடிவத்திலும் வருகிறது. எந்த ரெஞ்சும் தன் அளவின் அடிமட்டத்தில் அவ்வளவு நம்பகமாக இராது. உச்ச அளவில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே அதை உபயோகிக்காமல் இருப்பது நல்லது.

முள் காட்டும் ரெஞ்சு மலிவு, எளிதில் கெடாது. ஆனால் முள்ளை நேருக்கு நேர் பார்க்க வேண்டும். குறித்த அளவு வந்ததும் 'டிக்' என்று சத்தமிடும் ரெஞ்சு சௌகரியமானது. நல்ல ரெஞ்சிலும் நூற்றுக்கு நான்கு முதல் ஆறு வரை பிழை இருக்கலாம். அதற்காகக் கவலைப்படத் தேவையில்லை. வேண்டியது, ஒவ்வொரு தடவையும் அதே இறுக்கம். அதை இது கொடுத்துவிடும். மின்கலத்தில் ஓடி எண் காட்டும் விலை உயர்ந்த ரகம் ஆசைக்கு வாங்கலாமே தவிர, அவசியம் இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் மகா ஜாக்கிரதை வேண்டும். அமெரிக்கத் துப்பாக்கிகளின் குறிப்பில் 'அங்குல பவுண்டு' என்ற கணக்கு இருக்கும். 65 அங்குல பவுண்டு என்றால் சுமார் 7.3 நியூட்டன் மீட்டர். 'அடி பவுண்டு' என்று இன்னொன்றும் உண்டு. அது அங்குல பவுண்டைப் போல் 12 மடங்கு! இரண்டையும் குழப்பிக்கொண்டால் ரைபிள் ஒரே திருப்பில் பாழ். தொலைநோக்கி வளையத்தின் சிறு திருகாணிகளுக்கோ 15 முதல் 20 அங்குல பவுண்டே சாதாரணம். அதாவது ஏறக்குறைய 2 நியூட்டன் மீட்டர். சரியான எண் எது என்பதைத் துப்பாக்கியோடு வந்த குறிப்பைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும். நண்பர் சொன்ன எண் நண்பரின் ரைபிளுக்குத்தான் பொருந்தும்.

எல்லா ரைபிளுக்கும் இந்தக் கருவி தேவை என்று நினைத்துவிடாதீர்கள். ஏ.கே. ரகத் துப்பாக்கியைச் சுத்தம் செய்யக் கழற்றிப் பூட்டுவதற்கு எந்த ஸ்பானரும் வேண்டாம். அதனிடம் அரை மில்லிமீட்டரை யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை.

திருகும் முறை

முதல் காரியம், துப்பாக்கியில் குண்டு இல்லை என்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்வது. அறையைத் திறந்து பார்த்த பிறகே மற்ற வேலை.

திருகாணியின் மரையைத் துடைக்க வேண்டும். ரெஞ்சின் முனை திருகாணித் தலையில் முழுசாக இறங்க வேண்டும். தேய்ந்த முனையை அன்றே குப்பையில் போடலாம்.

ரைபிளைச் செங்குத்தாக, கட்டையின் அடி தரையில் படும்படி நிறுத்தி, இரும்புப் பகுதி கட்டைக்குள் பின்னோக்கி நன்றாக அமரும்படி செய்கிறார்கள். பிறகு இரண்டு திருகாணிகளையும் விரலால் மட்டும் முடுக்க வேண்டும். அதன் பிறகே ரெஞ்சு. 5 வேண்டும் என்றால் எடுத்த எடுப்பில் 5-க்குப் போகக்கூடாது. முன்னே 2, பின்னே 2, முன்னே 4, பின்னே 4, கடைசியில் 5. நிதானமாக, கைப்பிடியின் நடுவைப் பிடித்துத் திருப்ப வேண்டும். முதல் 'டிக்' கேட்டதும் நிறுத்திவிட வேண்டும். 'இன்னும் ஒரு டிக்' என்பது பேராசை!

சிலர் தங்கள் ரைபிளுக்கு 4-ல் பத்துக் குண்டு, நாலரையில் பத்து, 5-ல் பத்து என்று சுட்டுப் பார்க்கிறார்கள். துளைகள் எந்த அளவில் நெருங்கி விழுகின்றனவோ அதை நோட்டில் குறித்துக்கொள்கிறார்கள். தயாரிப்பாளர் சொன்ன உச்சத்தைத் தாண்டாதவரை இது நல்ல பழக்கம்.

உப்புக் காற்றின் வேலை

மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலைச் சுற்றிச் சவுக்கு மரங்கள் நிற்கின்றன. கடலின் உப்புத் துளி கருங்கல்லையே அரிப்பதால் அதைத் தடுக்க வைத்த மரங்கள் அவை. கல்லுக்கே அந்தக் கதி என்றால் இரும்புத் திருகாணி எம்மாத்திரம்?

கடலோரத்தில் வைத்திருக்கும் ரைபிளின் மரைகளில் துரு ஏறும். துரு ஏறிய மரையில் உராய்வு அதிகம். நாம் கொடுக்கும் முறுக்கில் பத்தில் ஒன்பது பங்கு உராய்வுக்கே போய்விடுகிறது. மீதி ஒரு பங்குதான் திருகாணியை இழுத்துப் பிடிக்கிறது. துரு இருந்தால் அந்த ஒரு பங்கும் குறையும். ரெஞ்சு 'டிக்' என்று சொல்லும். ஆனால் உள்ளே இறுக்கம் இராது!

அப்படியானால் எண்ணெய் போடலாமே? அதிலும் வம்பு இருக்கிறது. எண்ணெய் பட்ட மரையில் உராய்வு குறைவதால், அதே 5-ல் திருகாணி அதிகமாக இழுபடும். துருவைத் துடைத்து எடுத்து, குறிப்பில் சொன்னபடி உலர்ந்தோ எண்ணெய் தொட்டோ, எப்போதும் ஒரே மாதிரி பூட்டுவதுதான் சரி.

மரக்கட்டைக்கு வேறு வியாதி. ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஈரம் குடித்து ஊதும். சித்திரை வெயிலில் சுருங்கும். திருகாணியை யாரும் தொடாமலே இறுக்கம் மாறிவிடும். அதனால்தான் கட்டைக்குள் அலுமினியத் தூண்கள் வைக்கிறார்கள். அவை இல்லாத ரைபிளைப் பருவம் மாறும்போதெல்லாம் ரெஞ்சு வைத்துப் பார்த்தே ஆகவேண்டும். திருகாணித் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரை நகப்பூச்சால் மெல்லிய கோடு ஒன்று போட்டு வைத்தால், அது நகர்ந்துவிட்டதா என்று பார்த்தவுடன் தெரியும்.

சட்டமும் உண்டு

0.177 அங்குலத் துவாரத்துக்கும் 20 ஜூல் சக்திக்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்சு தேவையில்லை என்கின்றன 2016-ம் ஆண்டு விதிகள். 0.22 போன்ற வெடிமருந்து ரைபிளுக்குக் கட்டாயம் வேண்டும். துடைப்பதும் திருகாணியைச் சரிபார்ப்பதும் வேறு. குழலிலும் விசையிலும் கைவைப்பது வேறு. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, பழுது பார்க்கும் தொழிலுக்கே தனி லைசென்சு உண்டு. அந்த வேலையை அவர்களிடம் விட்டுவிட வேண்டும்.

ரெஞ்சுக்கும் பராமரிப்பு வேண்டும். அதைக்கொண்டு இறுகிப்போன திருகாணியைக் கழற்றக்கூடாது. கீழே போடக்கூடாது. ஆண்டுக்கு ஒரு முறை, அல்லது 5,000 தடவை திருகியதும், என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற சோதனைக்கூடத்தில் கொடுத்துச் சரிபார்க்க வேண்டும். வேலை முடிந்ததும் அளவை அடிமட்டத்துக்குக் குறைத்துப் பெட்டியில் வைக்க வேண்டும். 5-லேயே விட்டுவைத்தால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அமுங்கிக் கிடந்து சோர்ந்துபோகும்; அடுத்த தடவை 'டிக்' சத்தம் பொய் சொல்லும்.