பந்தய மாடு பாதி வழியில் நிற்பது ஏன்?

(வானொலியில் பண்ணை நேயர்களுக்காக ஒரு கால்நடை மருத்துவர் பேசியது)



தென்காசி, செங்கோட்டை, சுரண்டை, ஆலங்குளம் வட்டாரத்தில் மாட்டு வண்டிப் பந்தயத்தைப் பற்றி யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. கோயில் கொடை வந்தாலும் பொங்கல் வந்தாலும் பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்து, போக வர இத்தனை மைல் என்று பேசி வண்டியை விட்டுவிடுவார்கள். தென் மாவட்டங்களில் சில ஊர்களில் குதிரை வண்டியும் ஓடுகிறது. 2014-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இந்தப் பந்தயங்களுக்குத் தடை விதித்தது. பிறகு மாநிலங்கள் கொண்டுவந்த சட்டத் திருத்தங்களை 2023 மே 18 அன்று அதே நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அந்த வழக்குக் கதைக்குள் நான் இன்று போகவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த மாடு திடீரென்று பின்தங்குகிறதே, அது ஏன்? இதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் ஒரு ஜோடி மாட்டைக் கொண்டுவந்தார். மயிலை ஒன்று, செவலை ஒன்று.

"டாக்டரய்யா, இந்த மயிலை போன வருஷம் வரைக்கும் பறந்துட்டுக் கிடந்துச்சு. இப்போ ரெண்டு மைல் தாண்டுனா இழுக்க மாட்டேங்கு. தீவனம் எல்லாம் நல்லாத்தான் திங்கு. கண்ணு பட்டிருக்கும்னு சொல்லுதாவ. யாவாரிகிட்ட விலை பேசியாச்சு. கடைசியா உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போவோம்னு வந்தேன்" என்றார்.

"செவலை எப்படி அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"அது சின்ன வயசு. சிங்கம் மாதிரி இழுக்குது. மயிலைக்கும் சேத்து அதுதான் இழுக்குது" என்று பெருமையாகச் சொன்னார்.

நான் இரண்டையும் பார்த்தேன். மயிலையின் கண் இமையை விலக்கினால் உள்பக்கம் வெளுத்துக் கிடந்தது. செவலையின் முன்னங்கால் முழங்காலுக்குச் சற்று மேலே தடவினால் கொஞ்சம் சூடு, கொஞ்சம் வீக்கம். அமுக்கினால் காலை உதறியது. வாயைத் திறந்தால் நாலு பல்தான் போட்டிருந்தது. ஆக, நோயாளி என்று வந்தது ஒன்று, உண்மையில் நோயாளிகள் இரண்டு. ஒன்றுக்கு உள்ளே நோய். இன்னொன்றுக்கு உடம்பு இன்னும் முற்றவில்லை. பந்தய மாடு நிற்பதற்குப் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் காரணம்.

பல்லைப் பாருங்கள்

முதலில் வயதை எடுத்துக்கொள்வோம். மாட்டுக்குக் கீழ்த்தாடை முன்பக்கம் எட்டுப் பல். பால் பல் விழுந்து முதல் ஜோடி வருவது ஏறக்குறைய இரண்டு வயதில். அதற்குப் பிறகு ஆறு மாதம், எட்டு மாதத்துக்கு ஒரு ஜோடியாக வந்து, நாலு அல்லது நாலரை வயதில் கடை சேரும். குதிரைக்கு இரண்டரை, மூன்றரை, நாலரை வயதில் முன்பல் மாறும். ஐந்து வயதில் வாய் நிறைந்துவிடும்.

பல்லுக்கும் ஓட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் எலும்பில் இருக்கிறது. வளர்கிற பிராணியின் கால் எலும்பு நுனியில் மெத்தென்ற குருத்தெலும்பு ஒரு பட்டையாக இருக்கும். எலும்பு நீளுவது அந்த இடத்தில்தான். வளர்ச்சி முடிந்ததும் அந்தப் பட்டை இறுகி எலும்பாகிவிடும். இது எல்லா இடத்திலும் ஒரே நாளில் நடப்பதில்லை. குளம்புக்குப் பக்கத்து எலும்புகள் முதலில் இறுகும். முழங்காலுக்கு மேலே உள்ள எலும்பின் கீழ்நுனி குதிரைக்கு இரண்டு, இரண்டரை வயதில் இறுகும். மாட்டுக்கு மூன்றரை, நாலு வயது ஆகும். முதுகெலும்பு எல்லாவற்றுக்கும் கடைசி.

இதனால்தான் நாம் ஏமாந்து போகிறோம். கால் சீக்கிரம் உயர்ந்துவிடுகிறது. உயரத்தைப் பார்த்து, 'மாடு ஆளாயிருச்சு, பூட்டலாம்' என்கிறோம். உயரம் முதலில் வரும், உறுதி பின்னால்தான் வரும். வாழை குலை தள்ளும்போது பார்த்திருப்பீர்கள். மரம் வளர்ந்து நிற்கும், முட்டுக் கொடுக்காவிட்டால் ஒரு காற்றுக்குச் சாய்ந்துவிடும். நாலு பல் மாடும் அப்படித்தான். நம் பந்தயங்களில் உயரத்தை வைத்து வகை பிரிக்கும் இடங்களில் இந்த ஆபத்து கூடுதல். வளர்ந்து முடியாத மாட்டை முற்றிய சிறு மாட்டோடு சேர்த்து நிறுத்திவிடுகிறோம். மகாராஷ்டிரத்தில் பல் போடாதது, இரண்டு பல், நாலு பல் என்று பல்லைப் பார்த்துப் பிரிக்கிற வழக்கம் உண்டு. நம் ஊர் விழாக் குழுக்களும் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இதற்கு ஒரு நேயர் எதிர்க்கேள்வி போடலாம். 'அமெரிக்காவிலே வண்டிக் குதிரையை இரண்டு வயசிலேயே பந்தயத்திலே விடுதாங்களாமே, அது எப்படி?' உண்மைதான். அங்கே இரண்டு சக்கர இலேசான வண்டியில் ஒரே ஆளை வைத்து இழுத்துக்கொண்டு பெருநடையாக ஓடும் குதிரைப் பந்தயம் உண்டு. ஹாம்பில்டோனியன் என்ற பேர்போன பந்தயம் மூன்று வயதுக் குதிரைகளுக்காகவே 1926 முதல் நடக்கிறது. ஆனால் அங்கே ஓடுகிற தூரம் பெரும்பாலும் ஒரே மைல். தளம் அதற்கென்றே பக்குவப்படுத்தியது. பல மாதம் படிப்படியாகப் பழக்கிய பிறகுதான் பந்தயம். அப்படியும் கால் கெட்டு விலகுகிற இளங்குதிரைகள் உண்டு. நாமோ தார் ரோட்டில் பல மைல் விரட்டுகிறோம். இரண்டையும் ஒரே தராசில் போட முடியாது.

இளசாக இருக்கும்போது பழக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அளவான நடையும் ஓட்டமும் எலும்புக்கு நல்லது, அதனால்தான் எலும்பு கெட்டிப்படும். இரண்டு பல்லில் வெறும் நுகத்தடி, வெறும் வண்டி, வயல் பாதையில் நடை. நாலு பல்லில் குறைந்த தூர ஓட்டம், ஒரு நாள் ஓடினால் மறுநாள் ஓய்வு. ஆறு பல்லுக்கு மேல், கடை சேருகிற பருவத்தில் பந்தயம். இது நான் சொல்லுகிற கணக்கு. ஒரு வருஷம் காத்திருந்தால் அஞ்சாறு வருஷம் ஓடும்.

உள்ளே ஒளிந்திருக்கும் நோய்

இனி மயிலையின் கதைக்கு வருவோம். 'தீவனம் திங்கு, அசை போடுது, பிறகு எப்படி நோய் இருக்கும்?' என்று கேட்பீர்கள். பந்தய மாட்டின் நோய் தொழுவத்தில் தெரியாது, ரோட்டில்தான் தெரியும்.

காரணத்தைச் சொல்கிறேன். மூச்சில் வருகிற பிராண வாயுவைச் சதைக்குக் கொண்டுபோவது இரத்தத்தில் உள்ள சிவப்பு அணு. நின்று அசை போடும் மாட்டுக்குப் பாதி இரத்தமே போதும். ஓட்டத்தில் ஒரு சொட்டு விடாமல் எல்லாம் வேண்டும். குதிரையைப் பாருங்கள். நிற்கும்போது நிமிடத்துக்கு 28 முதல் 44 தடவை துடிக்கிற இருதயம் முழு ஓட்டத்தில் 200-க்கு மேல் துடிக்கிறது. மண்ணீரலில் சேமித்து வைத்த சிவப்பு அணுவையும் உடம்பு திறந்துவிடுகிறது. ஓட்டைச் சாலை வைத்து வீட்டு வாசல் செடிக்குத் தண்ணீர் இறைத்துவிடலாம். பிசானத்துக்கு வயல் நனைக்க முடியுமா? அந்த மாதிரிதான்.

இரத்தத்தைக் குறைக்கிற நோய்கள் நம் பக்கத்தில் என்னென்ன?

முதலாவது ஈரல் தட்டைப்புழு. குற்றாலத்தில் சாரல் விழுந்து, சிற்றாற்றுப் பாசனத்தில் கார் நடவு நடக்கிற காலத்தில் வயலிலும் குளத்தங்கரையிலும் நத்தை பெருகும். தட்டைப்புழுவின் குஞ்சு அந்த நத்தைக்குள் வளர்ந்து வெளியே வந்து, தண்ணீரில் நிற்கும் புல்லில் ஒட்டிக்கொள்ளும். அந்தப் புல்லை மாடு தின்றால் புழு ஈரலுக்குப் போய் முழு வளர்ச்சி அடைய மூன்று, நாலு மாதம் ஆகும். ஆடியில் தின்ற புல்லின் பலன் மார்கழி, தையில் தெரியும். சரியாகப் பொங்கல் பந்தயம் வருகிற நேரம்! மயிலைக்கு இருந்தது இதுதான். சாணத்தைச் சோதித்ததில் முட்டை நிறையத் தெரிந்தது. குளத்துப் புல்லை அறுத்துப் போட்டுத்தான் வளர்த்திருக்கிறார். செவலையை அந்த வருஷம்தான் வாங்கியிருந்ததால் அது தப்பித்தது. ஒன்று கவனியுங்கள்: குடற்புழுவுக்கு வாங்கும் மருந்தெல்லாம் தட்டைப்புழுவைக் கொல்லாது. சாணம் பார்த்து, அதற்கு ஏற்ற மருந்தைக் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது உண்ணி பரப்பும் இரத்த நோய்கள். நாட்டு மாடு இவற்றைத் தாங்கிக்கொண்டு வெளியே காட்டாமலே இருக்கும். ஓட்டத்தின் அலுப்பு, லாரிப் பயணம், தீவனக் குறைவு வந்ததும் தலைகாட்டும்.

மூன்றாவது 'சர்ரா' என்கிற நோய். 1880-இல் கிரிஃபித் எவன்ஸ் என்ற கால்நடை மருத்துவர், இன்று பாகிஸ்தானில் இருக்கிற தேரா இஸ்மாயில் கான் பக்கம், குதிரை, ஒட்டகத்தின் இரத்தத்தில் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார். பெரிய கடி ஈக்கள்தான் பரப்பும். மாட்டில் பல சமயம் மறைந்தே கிடக்கும். குதிரையில் காய்ச்சல் வரும், போகும், திரும்ப வரும். நன்றாகத் தின்றும் மெலியும். அடிவயிற்றிலும் காலிலும் நீர் கோக்கும். கவனிக்காமல் விட்டால் குதிரை தப்பாது. காய்ச்சல் இல்லாத நாளில் இரத்தம் எடுத்தால் கிருமி அகப்படாமல் போகலாம். காய்ச்சல் அடிக்கும்போதே எடுக்க வேண்டும், ஒரு தடவை இல்லை என்று வந்தாலும் மறுபடி பார்க்க வேண்டும்.

இரத்தம் சரியாக இருந்தும் நிற்கிற மாடும் உண்டு. கோமாரி வந்து வாயும் குளம்பும் ஆறிவிட்டாலும், சில மாட்டுக்கு வெயில் தாங்காது. கொஞ்சம் ஓடினாலே நாக்கைத் தள்ளி இளைக்கும். அந்த மாட்டைப் பந்தயத்தில் விடவே கூடாது. குதிரைக்கு வயிற்றுப் புண் சாதாரணமாக வரும். அதன் இரைப்பை இடைவிடாமல் அமிலம் சுரக்கிறது. புல் இல்லாமல் மணிக்கணக்காகக் கட்டிப்போட்டு, தானியம் மட்டும் போட்டு ஓட்டினால் புண் வரும். குதிரையின் கடைவாய்ப் பல் கூராகிக் கன்னத்தைக் குத்தினாலும் கடிவாளத்துக்கு அடங்காது. அதைத் திமிர் என்று நினைத்து அடிக்கிறோம்.

வீட்டிலேயே பார்க்கக்கூடியவை

ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு காய்ச்சல் மானி, செகண்டு முள் உள்ள கடிகாரம். இது போதும். மாட்டுக்கு வாலடியில் உள்பக்கம் விரல் வைத்தால் நாடி தெரியும். குதிரைக்குத் தாடைக்கு அடியில். மாடு நிற்கும்போது 48 முதல் 84 வரை துடிக்கலாம். ஆசன வாயில் காய்ச்சல் மானி வைத்தால் மாட்டுக்கு 100.4 முதல் 102.8 டிகிரி, குதிரைக்கு 99 முதல் 101 டிகிரி. வாரம் இரண்டு நாள் காலையில் எழுதி வையுங்கள். உங்கள் மாட்டின் வழக்கமான கணக்கு உங்களுக்கே தெரிந்துவிடும்.

பயிற்சி முடிந்து கால் மணி நேரம் கழித்து மறுபடி எண்ணுங்கள். நெடுந்தூரக் குதிரைப் போட்டிகளில் ஓய்வுக்குப் பிறகு நாடி 64-க்கு இறங்காத குதிரையை மேலே ஓடவே விடுவதில்லை. மாட்டுக்கு அப்படி ஒரே எண் கிடையாது. ஆனால் போன மாதம் கால் மணியில் அடங்கிய நாடி இந்த மாதம் அரை மணி ஆகியும் அடங்கவில்லை என்றால், உள்ளே ஏதோ இருக்கிறது என்று பொருள். கூடவே இமையின் உள்நிறம், மூத்திரத்தின் நிறம், காலில் சூடு, வீக்கம் இவற்றையும் பாருங்கள்.

குதிரைக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மூக்கில் சீழ் மாதிரி சளி, தோலில் கட்டி உடைவது தெரிந்தால் உடனே கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள். கிளாண்டர்ஸ் என்ற நோயாக இருக்கலாம், அது மனிதனுக்கும் தொற்றி உயிரை வாங்கும்.

எந்த ஊசியையும் கடையில் வாங்கி நீங்களே போடாதீர்கள். மாட்டுக்குப் போடுகிற சில மருந்தின் அளவு குதிரைக்கு விஷம். வலி தெரியாமல் இருக்க ஊசி போட்டு ஓட்டுவது எல்லாவற்றிலும் மோசம். வலிதான் மாட்டுக்கு வாய். அதை அடைத்துவிட்டால் எலும்பு உடையும் வரை ஓடும். சந்தேகம் வந்தால் பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். பெரிய சோதனை வேண்டுமென்றால் திருநெல்வேலி இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

அந்தப் பெரியவரிடம், "மயிலையை விக்க வேண்டாம், செவலையைப் பூட்ட வேண்டாம். இந்த வருஷம் பந்தயத்தை மறந்துருங்க" என்றேன். முகம் சுருங்கிவிட்டது. ஊரில் சவால் விட்டிருப்பார் போலிருக்கிறது. ஆனாலும் கேட்டார். மருந்து கொடுத்த மறுநாளே இரத்தம் ஊறிவிடாது என்பதால் மயிலைக்கு மூன்று மாதம் ஓய்வு. செவலை கடை சேரும் வரை வயல் வேலையோடு நின்றது. அதற்குப் பிறகு ஒரு கோயில் கொடைப் பந்தயத்தில் அந்த ஜோடி மூன்றாவதாக வந்ததாம்.

"முதல் பரிசு இல்லையே அண்ணாச்சி?" என்றேன்.

"போகட்டும் அய்யா. சாரதி கையிலே கம்பே எடுக்கல. ரெண்டும் சமமா இழுத்துட்டு வந்துச்சு, வந்து நின்னு தண்ணி குடிச்சுச்சு. எனக்கு அது போதும்" என்றார்.

மாடு நின்றால் கம்பைத் தேடாதீர்கள். வாயைத் திறந்து பல்லைப் பாருங்கள், இமையை விலக்கி நிறத்தைப் பாருங்கள்.