கைக்குப் பழகும் வானம்

உலு திராமிலிருந்து செனாய் விமான நிலையம் நேர்கோட்டில் பதினைந்து கிலோமீட்டர் சொச்சம். வீட்டுக் கணினியில் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரையோ எக்ஸ்-பிளேனையோ திறந்து, டபிள்யூ.எம்.கே.ஜே. என்ற நான்கு எழுத்துகளைத் தட்டினால் அந்த 3,800 மீட்டர் ஓடுபாதை திரையில் வந்து நிற்கும். ஜொகூர் பாரு பக்கமிருந்து 34ஆம் எண் ஓடுபாதைக்கு இறங்கி வந்தால், நம் ஊர் வலது பக்கம் தூரத்தில் தெரியும். தான் பள்ளிக்கூடம் போகிற ஊரை மேலிருந்து பார்க்கிற பிள்ளைக்கு அடுத்து வருகிற ஆசை, விசைப்பலகையை ஒதுக்கிவிட்டு ஒரு ஜாய்ஸ்டிக் வாங்குவதுதான்.

விடியுமுன்னே மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து, சிங்கப்பூரில் உழைத்துத் திரும்பும் பெற்றோர் நிறைந்த வட்டாரம் இது. வெள்ளியை எண்ணித்தான் செலவு செய்ய முடியும். சந்தையிலோ ஒன்றிரண்டு நூறு வெள்ளிக்குக் கிடைக்கும் கருவியிலிருந்து ஆயிரங்களைத் தாண்டும் கருவி வரை கிடக்கிறது. விலை கூடினால் பறப்பது எளிதாகும் என்று பலரும் நம்புகிறார்கள். நான் நம்பவில்லை. சுமாரான ஜாய்ஸ்டிக்கைச் சரியாகப் பொருத்தி, சரியாக அமைத்துக் கொடுத்தால், பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே செருகிய விலையுயர்ந்த கருவியைவிட அது நன்றாகக் கை கொடுக்கும்.

வாங்குமுன் அச்சுகளை எண்ணிப் பாருங்கள். மூக்கை ஏற்றி இறக்க ஒன்று, இறக்கையைச் சாய்க்க ஒன்று, மூக்கை இடவலமாகத் திருப்ப ஒன்று, எஞ்சின் வேகத்துக்கு ஒன்று. சாதாரண விமானத்துக்கு இந்த நான்கும் போதும். லாஜிடெக் எக்ஸ்ட்ரீம் 3டி புரோ போன்ற எளிய ஜாய்ஸ்டிக்கிலேயே நான்கும் உண்டு. கோலை முறுக்கினால் சுக்கான் திரும்பும், அடியில் இருக்கும் சிறு நெம்பு த்ராட்டலாகும். காலுக்குத் தனி பெடல் வாங்குவதெல்லாம் ஆசை நிலைத்த பிறகு யோசிக்கலாம். கையில் ஏற்கெனவே எக்ஸ்பாக்ஸ் பேட் இருந்தால், சில வாரம் அதிலேயே ஓட்டிப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் பேடின் குச்சி கட்டைவிரல் அகலம்தான் நகரும். தரையிறங்கும்போது வேண்டிய நுண்ணிய அசைவு அதில் வராது.

அடுத்து, உள்ளே இருக்கும் உணரியைப் பாருங்கள். மலிவான பலவற்றில் பொட்டென்ஷியோமீட்டர் இருக்கும். ஒரு முள் கரித்தடத்தின் மேல் உரசி உரசி நகரும். தடம் தேய்ந்தாலோ தூசு புகுந்தாலோ, கை அசையாமல் இருக்கும்போதே விமானம் நடுங்கும். இன்னொரு வகை, எட்வின் ஹால் 1879இல் கண்டுபிடித்த விளைவை வைத்து வேலை செய்கிறது. காந்தம் நகர்வதை உணரி உரசாமலே அறிந்துகொள்ளும். தேய்வதற்கு அங்கே ஒன்றுமில்லை. த்ரஸ்ட்மாஸ்டர் டி.16000எம் இந்த வகை. ஓர் அச்சை 16,384 படிகளாகப் பிரித்துப் பார்க்கும். இடக்கைக்கும் வலக்கைக்கும் மாற்றிக்கொள்ளலாம். செனாயில் தினமும் ஏறி இறங்கும் ஏர்ஏசியா ஏ320இல் கேப்டன் இடப்பக்கம் உட்கார்ந்து இடக்கையால்தான் ஓட்டுகிறார். அந்த விமானத்தை ஓட்ட ஆசைப்படும் பிள்ளைக்கு இடக்கையைப் பழக்கிப் பார்க்கும் வாய்ப்பு பெரிய விஷயம்.

ஏ320 விமானி அறையில் எனக்கு மிகவும் பிடித்த பொருள் திரைகளோ பொத்தான்களோ அல்ல, கைதாங்கிதான். விமானி முன்கையை அதில் முழுக்கச் சாய்த்து, மணிக்கட்டால் மட்டும் கோலை அசைக்கிறார். தாங்கியின் உயரத்தையும் சாய்வையும் காட்ட ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் அதிலேயே உண்டு. தனக்குப் பொருந்தும் அளவை நினைவில் வைத்திருந்து, அடுத்த விமானத்திலும் அதே அளவில் வைத்துக்கொள்வார். நம் வீட்டில் என்ன நடக்கிறது? உயரமான மேசையின் நடுவில் ஜாய்ஸ்டிக்கை வைத்து, தோளைத் தூக்கிக்கொண்டு பிடிக்கிறோம். அரை மணியில் கை வலிக்கிறது, பிடி இறுகுகிறது, விமானம் அலைகிறது. கோலை முழங்கை உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். நாற்காலிக் கையை ஒட்டி ஒரு பலகையை வைத்து, அதில் ஜாய்ஸ்டிக்கைக் கிளாம்பால் இறுக்கிவிட்டாலே போதும். அடி ஆடாத கோல்தான் நல்ல கோல்.

இனி மென்பொருள். முதலில் விண்டோஸில் உள்ள சிறு சோதனைத் திரை உங்களுக்கு வேண்டும். தேடும் பெட்டியில் joy.cpl என்று ஆங்கிலத்தில் எழுதினால் அது திறக்கும். கோலைத் தொடாமல் விட்டால் அதிலுள்ள சிலுவைக் குறி நடுவில் அசையாமல் நிற்க வேண்டும். லேசாக நடுங்கினால், விளையாட்டின் அமைப்பில் அந்த அளவுக்கு மட்டும் டெட் ஸோன், அதாவது அசைவைக் கண்டுகொள்ளாத நடுப்பகுதி, கொடுங்கள். அதிகம் கொடுத்தால் கோல் நடுவில் செத்துக் கிடக்கும். முறுக்கும் அச்சுக்கு மட்டும் கொஞ்சம் தாராளமாகக் கொடுக்கலாம். சாய்க்கும்போது கை தன்னையறியாமல் முறுக்கிவிடும்.

சென்சிடிவிட்டி வளைவு அதைவிட முக்கியம். நிஜமான செஸ்னாவின் யோக் என்ற கைப்பிடி நீண்ட தூரம் நகரும், மேசைக் கோலோ சில சென்டிமீட்டர்தான். ஆகவே நடுப்பகுதியில் கோலின் கூர்மையைக் குறைக்க வேண்டும். ஃப்ளைட் சிமுலேட்டர் 2020இல் சென்சிடிவிட்டி எண்ணைக் கழித்தல் முப்பது வாக்கில் வைத்துத் தொடங்கி, பிறகு உங்கள் கைக்கேற்பக் கூட்டிக் குறைக்கலாம். ஏர்பஸ்ஸுக்கு இவ்வளவு வளைவு வேண்டாம். அங்கே கோல் இறக்கையை நேரடியாக ஆட்டுவதில்லை, எவ்வளவு வேகமாகச் சாய வேண்டும் என்று கணினிக்குச் சொல்கிறது. முழுக்கச் சாய்த்தாலும் நொடிக்கு 15 பாகைதான்.

புதிதாக வாங்கியவர்களை அதிகம் அலைக்கழிப்பது இரட்டை இணைப்பு. பேடும் ஜாய்ஸ்டிக்கும் ஒன்றாகச் செருகியிருந்தால், விளையாட்டு இரண்டுக்கும் ஒரே வேலையைக் கொடுத்துவிடும். த்ராட்டலை ஏற்றினால் தானாக இறங்கும். கருவி கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுமுன், பேடைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்.

எல்லாம் அமைத்தபின் செனாயிலேயே சோதிக்கலாம். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் நவம்பர் முதல் மார்ச் வரை, நேரடி வானிலையைப் போட்டு 34இல் இறங்கிப் பாருங்கள். காற்று வலப்பக்கத்திலிருந்து தள்ளும். மூக்கைக் காற்றுக்குள் சற்றே திருப்பி வந்து, சக்கரம் தொடுமுன் சுக்கானால் நேராக்க வேண்டும். உங்கள் வளைவும் டெட் ஸோனும் சரியா என்பது அந்தச் சில நொடிகளில் தெரிந்துவிடும்.

விண்வெளி விளையாட்டு வேறு கதை. அங்கே நான்கு அச்சு போதாது. திரும்புவதற்கு மூன்று, முன்பின், மேல்கீழ், இடவலம் என நகர்வதற்கு மூன்று, ஆக ஆறு. 2014இல் வந்த எலைட் டேஞ்சரஸில் பறக்கும் உதவியை அணைத்துவிட்டால், கப்பல் நியூட்டன் சொன்னபடி போன திசையிலேயே போய்க்கொண்டிருக்கும். அப்போது ஆறும் வேண்டும். கைக்கொரு கோல் பிடிக்கும் முறைக்குப் பலர் மாறுவது அதனால்தான். நம் நாட்டு ஷேக் முஸாபார் 2007 அக்டோபரில் விண்வெளி நிலையம் போன சோயூஸ் கலத்திலும் இதே ஏற்பாடுதான். கையால் ஓட்ட நேர்ந்தால் இடக்கைப் பிடி நகர்த்தும், வலக்கைப் பிடி திருப்பும். அதை உணர்ந்து பார்க்கக் காசு வேண்டாம். ஸ்பேஸ்எக்ஸ் 2020இல் வெளியிட்ட டிராகன் இணைப்புப் பயிற்சியை உலாவியிலேயே இலவசமாக ஓட்டலாம். வேகத்தைக் கூட்டுவது எளிது, குறைப்பதுதான் பாடம் என்று அதில் புரியும்.

ஒரே கோல் வைத்திருப்பவர்கள் எலைட்டில் த்ராட்டலை முன்னோக்கி மட்டும் என்று அமைத்து, பின்னோக்கிப் போக ஒரு பொத்தானை ஒதுக்குங்கள். நடுவில் தட்டுப்படாத நெம்பில் சரியான பூச்சியத்தைக் கை தேடிக்கொண்டிருக்காது.

பழைய கருவி வாங்குவதும் நல்ல வழிதான். விற்பவரின் கணினியிலேயே அந்தச் சோதனைத் திரையைத் திறக்கச் சொல்லுங்கள். கோலை மூலைக்கு மூலை மெதுவாகச் சுற்றுங்கள், விட்டுவிட்டு நடுவுக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள். முறுக்கையும் அப்படியே பாருங்கள், முதலில் தேய்வது அதுதான். குறி தாவினால் விலை பேசாமல் திரும்பிவிடுங்கள்.