பனி படிந்த சாளரம்

மழைநாளில் பேருந்தின் சாளரக் கண்ணாடியில் நீராவி படிந்தால், கையால் துடைத்துவிட்டு வெளியே பார்க்கிறோம். அதைத் துடைக்காமலே பார்க்கப் பழகியவர் நியூயார்க் நகரின் ஒளிப்படக் கலைஞர் சால் லைட்டர்.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 1923ஆம் ஆண்டு யூதச் சமய அறிஞர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் அவர். தந்தையின் வழியில் சமயக் கல்வி பயின்றபோதும் ஓவிய வேட்கை அவரை விடவில்லை. 1946இல் படிப்பைக் கைவிட்டு நியூயார்க் வந்தார். தந்தைக்கு அதில் உடன்பாடில்லை. ஓவிய நண்பர்களின் தூண்டுதலால் ஒளிப்படக்கருவி கைக்கு வந்தது. 1948 முதல் வண்ணப்படமும் எடுத்தார். கலை என்றால் கறுப்பு வெள்ளைதான், வண்ணம் விளம்பரத்திற்கு உரியது என்று பலரும் கருதிய காலம் அது.

வண்ணப் படச்சுருளின் விலை மிகுதி. எனவே, பயன்பாட்டுக் காலம் கடந்த சுருள்களையும் அவர் பயன்படுத்தினார். அவற்றில் பூசப்பட்ட வேதிப்பொருள்கள் நாளடைவில் மாறுபடுவதால், நிறங்கள் எவ்வாறு வெளிப்படும் என்று முன்கூட்டியே கூற இயலாது. சிலவேளை வெளிறும், சிலவேளை ஒரே சாயல் படமெங்கும் படரும். செய்தித்தாளுக்குப் படம் எடுப்பவருக்கு இஃது இழப்பு. தூரிகை பிடித்துப் பழகிய லைட்டருக்கோ எதிர்பாராமல் கிடைத்த வண்ணக்கலவை.

மற்றொரு தடையும் இருந்தது. அக்காலக் கோடாக்குரோம் சுருளின் ஒளியுணர்திறன் எண் 10 மட்டுமே. நல்ல வெயிலிலேயே வில்லையின் துளையை 5.6 என்னும் அளவுக்குத் திறந்து, ஏறத்தாழ 1/80 நொடி ஒளியை உள்ளே விடவேண்டும். வானம் கறுத்த நாளில் 2 என்னும் அளவு வரை திறக்க நேரும். (எண் குறையக் குறையத் துளை பெரிதாகும் என்பதை நினைவிற்கொள்க.) துளை பெரிதானால், தெளிவாகப் பதியும் தொலைவின் எல்லை சுருங்கும், முன்னும் பின்னும் உள்ளவை மங்கும். அந்த மங்கலை அவர் குறையாகக் கருதவில்லை. 1960இல் எடுத்த ‘பனி’ என்னும் படத்தில் நீர்த்துளி படிந்த கண்ணாடிக்கு அப்பால் ஒரு மனிதர் நிற்கிறார். அவர் முகம் நமக்குத் தெரிவதில்லை, குளிர் தெரிகிறது.

தெருவில் படம் எடுப்போர் பெரும்பாலும் அகன்ற பார்வையுள்ள வில்லையையே விரும்புவர். லைட்டர் 50 மி.மீ. வில்லையோடு 150 மி.மீ. நெடுவில்லையையும் விரும்பிக் கையாண்டார். இவ்வகை வில்லை காட்சியைத் தட்டையாக்கிவிடும் என்பார்கள். உண்மையில் அதைச் செய்வது தொலைவுதான். நம்மிடமிருந்து பத்தடியில் ஒருவரும் இருபதடியில் ஒருவரும் நின்றால், முன்னவர் பின்னவரைப்போல் இருமடங்கு பெரிதாகத் தோன்றுவார். நாம் தொண்ணூறு அடி பின்வாங்கினால் அவ்வேறுபாடு பத்தில் ஒரு பங்காகக் குறையும். நெடுவில்லை அந்தத் தொலைக்காட்சியை நெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவே. அப்போது குடை, வண்டி, சுவர் யாவும் ஒரே தளத்தில் ஒட்டிய வண்ணத்தாள்கள்போல் ஆகின்றன. 1957இல் பலகைகளின் இடுக்கு வழியே எடுத்த படத்தில் மேலும் கீழும் இருள். நடுவே ஒரு கீற்றில் மட்டும் தெரு ஓடுகிறது.

பிழைப்புக்காக ஆடையலங்கார இதழ்களுக்குப் படம் எடுத்துக்கொடுத்தார். தமக்காக எடுத்த வண்ணப்படங்களுள் பெரும்பாலானவை பல்லாண்டுகள் அச்சேறாமல் பெட்டிகளிலேயே கிடந்தன. 2006இல் ‘எர்லி கலர்’ என்னும் நூல் வெளிவந்தபோது அவருக்கு அகவை 82. 2013இல் மறையும்வரை, ஐம்பதாண்டுகளுக்கும் மேலாகக் குடியிருந்த அதே பகுதியின் தெருக்களில், முதுமையில் டிஜிட்டல் கருவியுடனும் அவர் நடந்துகொண்டிருந்தார்.