வீடு இருக்கிறது, வழி சொல்ல ஆளில்லை

2016 அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ், ரெடிட் எல்லாம் பலருக்குத் திறக்கவில்லை. அவற்றின் சர்வர்கள் பழுதாகவில்லை. தளத்தின் பெயரைக் கேட்டு ஐபி எண்ணைச் சொல்லும் 'டைன்' நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வர்கள்தான் திணறின. மிராய் என்ற தீநிரலின் பிடியில் சிக்கிய கண்காணிப்புக் கேமராக்களும் பிற கருவிகளும் அவற்றின்மீது பொய்க் கோரிக்கைகளைக் கொட்டின. பயனருக்கு இந்த வேறுபாடு தெரியாது. அவரைப் பொறுத்தவரை தளம் படுத்துவிட்டது, அவ்வளவுதான்.

ஒருமுறை பெற்ற பதிலைக் கணினி நினைவில் வைத்திருக்குமே என்று கேட்கலாம். வைத்திருக்கும், ஆனால் ஒவ்வொரு பதிலுக்கும் ஆயுள் உண்டு. சர்வர்களை அடிக்கடி மாற்றும் பெரிய தளங்கள் அதைச் சில நிமிடங்களாகவே வைப்பதுண்டு. வசதிக்குச் செய்த ஏற்பாடு விபத்தன்று வினையாகிறது! கூகுளின் டிஎன்எஸ் சர்வரான 8.8.8.8-க்கு மாறினால் போதாதா? நம் இணையச் சேவையாளரின் டிஎன்எஸ் கெட்டால் அது கைகொடுக்கும். இங்கே டைனிடம் இருந்த மூலப் பதிவே எட்டவில்லை. கூகுளும் அங்கேதான் போய்க் கேட்கவேண்டும். ஆக, மோடத்தை அணைத்துப் போடுவதில் பயனில்லை, பொறுப்பு தளத்தை நடத்துபவருடையது. ஒரு பெயருக்குக் குறைந்தது இரண்டு சர்வர்கள் வேண்டும் என்று 1987-லேயே டிஎன்எஸ் விதி சொல்லிவிட்டது. அத்தனையையும் ஒரே நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருந்ததுதான் அன்றைய தவறு.