வெப்பத்தின் முன் உலோகக் கண்ணாடி

நொய்யல் ஆறு திருப்பூரைக் கடந்து கிழக்கே செல்லும் வழியில் கொடுமணல் என்னும் சிற்றூர் உள்ளது. பதிற்றுப்பத்துப் போற்றும் கொடுமணம் இவ்வூரே என்பர் ஆய்வாளர். 1985-ஆம் ஆண்டு முதல் அங்கு நிகழ்ந்த அகழாய்வுகளில், இரும்பு உருக்கிய உலைகளும் எஃகு செய்த மூசைகளின் எச்சங்களும் வெளிப்பட்டன. தென்னாட்டு எஃகுக் கொல்லர் இரும்பையும் கரியையும் மூசையிலிட்டு, அதன் வாயை மண்ணால் அடைத்தே உலையேற்றினர். காற்றுப் புகுந்தால் கரி எரிந்தழியும். இரும்பும் ஆக்சிஜனோடு கூடிக் கெடும். உலோகம் வெப்பத்தில் சந்திக்கும் அப்பழம்பகை இன்றும் ஓயவில்லை. புதுப்பொருளாகிய உலோகக் கண்ணாடி அதனை எவ்வாறு எதிர்கொள்கிறது என்பதை இங்குக் காண்போம்.

உலோகக் கண்ணாடி என்பது யாது?

பொதுவாக உலோகத்தில் அணுக்கள் பின்னல் துணியின் கண்ணிகளைப் போல் வரிசைபட அமைந்து, சிறுசிறு படிகங்களாகச் சேர்ந்திருக்கும். உருகிய கலவையை, அணுக்கள் வரிசை கொள்ளுமுன் உறையச் செய்தால், கண்ணாடியில் உள்ளதைப் போன்ற ஒழுங்கற்ற அமைப்பே நிலைத்துவிடும். 1960-இல் அமெரிக்காவின் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் போல் டூவே குழுவினர், பொன்னும் சிலிக்கனும் சேர்ந்த கலவையை மிகு விரைவில் குளிரச் செய்து இதனை முதன்முதலில் ஆக்கிக் காட்டினர்.

உருகிய கலவையை விரைந்து சுழலும் செப்புச் சக்கரத்தின்மீது பீய்ச்சி மெல்லிய நாடாவாக எடுக்கும் முறையும் உண்டு. நூற்பாலைகள் சூழ்ந்த நம் பகுதியினர்க்கு இதனை ‘உருகு நூற்பு’ என்றால் எளிதில் விளங்கும். இரும்பு, போரான், சிலிக்கன் சேர்ந்த இத்தகைய நாடா, மின்மாற்றிகளின் உள்ளகமாகிப் பெருமளவு மின்னிழப்பைக் குறைக்கிறது.

சூட்டில் நிகழ்வன

படிகங்கள் ஒன்றையொன்று தொடும் விளிம்புகளே பல உலோகங்களில் அரிப்பு நுழையும் வாயில். உலோகக் கண்ணாடியில் அவ்விளிம்புகள் இல்லை. ஆதலின் இவ்வகைக் கலவைகள் பல, சாதாரண வெப்பநிலையில் அரிப்பை நன்கு தாங்குகின்றன. சூடு ஏறும்போது நிலை மாறுகிறது.

சிர்கோனியத்தை முதன்மையாகக் கொண்ட கலவையை எடுத்துக்கொள்வோம். சிர்கோனியம் ஆக்சிஜன்மேல் பெருவேட்கை உடையது. காற்றில் சுடும்போது மேற்பரப்பில் சிர்கோனியம் ஆக்சைடுத் தோல் படர்கிறது. தோல் தடிக்கத் தடிக்க, ஆக்சிஜன் அதனை ஊடுருவிச் செல்லும் தொலைவும் மிகும்; எனவே வளர்ச்சி வேகம் தளரும். தோல் பிளவுறாதிருந்தால், ஒரு மணியில் ஒரு பங்கு வளர்ந்தது இரு பங்காக நான்கு மணியும், மூன்று பங்காக ஒன்பது மணியும் ஆகும். தோல் வெடித்து உதிர்ந்தாலோ, புதிய உலோகம் மீண்டும் காற்றுக்கு இரையாகும்.

மற்றோர் இடரும் உண்டு. 1993-இல் அறிவிக்கப்பட்ட, சிர்கோனியம், டைட்டானியம், செம்பு, நிக்கல், பெரிலியம் ஆகிய ஐந்தும் கலந்த புகழ்பெற்ற உலோகக் கண்ணாடி, ஏறத்தாழ 350 பாகை செல்சியசில் இளகத் தொடங்குகிறது. அந்நிலையில் அதனை வேண்டிய உருவில் அழுத்தி வார்க்கலாம். ஆனால் சூடு மேலும் ஏறினாலோ நெடுநேரம் நீடித்தாலோ, அணுக்கள் வரிசைகொண்டு படிகமாகிவிடும். உறுதியாக இருந்தது நொறுங்கும் இயல்புடையதாகும். இத்தகைய கலவைகளில் ஆக்சிஜன் கலந்திருப்பின் படிகமாதல் இன்னும் எளிதாகிறது. இவ்வாறு ஆக்சிஜன் வெளியே தோலை வளர்க்கும்; உள்ளே கலந்தால் கட்டமைப்பையும் குலைக்கும்.

நாம் கொள்ள வேண்டியது

சாயப்பட்டறைக் கொதிகலனும் துணி உலர்த்தும் எந்திரமும் இடையறாது இயங்கும் ஊரில் வாழ்கிறோம். ‘துருவேறாது’, ‘எஃகினும் வலிது’ என்னும் சொற்களைக் கேட்ட அளவில் ஒரு பொருளை எல்லா இடத்திற்கும் ஏற்றதெனக் கருதுதல் தவறு. மின்மாற்றியில் பொன்போல் பயன்படும் பொருள், கொதிகலன் தீயின் முன் தன் இயல்பையே இழக்கக்கூடும். எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம், எத்தகைய காற்று என்னும் மூன்று வினாக்களையும் கேட்ட பின்னரே எவ்வுலோகத்தையும் நம்புதல் வேண்டும். அவ்வினாக்களுக்கு ஒருவகை விடையைத் தம் கைத்திறத்தால் கண்டவர்கள், மூசையின் வாயை மண்ணால் அடைத்த அக்கொல்லர்கள். அவர்தம் வழிவந்த நம் மாணவர்கள் அவற்றை அறிவியலின் துணைகொண்டு கேட்பார்களாக!