பட்டாளத்தில் வந்த பிணி

வடநாட்டு நகரங்களில் கன்டோன்மென்டை அடுத்த தெருக்களில் வாழும் நம்மவருள் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர் பலர். வெலிங்டனில் பயிற்சி பெற்ற மதராஸ் ரெஜிமென்டினர், பெங்களூரில் பயின்ற மதராஸ் ஸாப்பர்கள், ஸிக்னல்ஸ் படையினர் எனப் பல பிரிவினர் அவர்களுள் உண்டு. திடகாத்திரமான இளைஞராய்ச் சென்று, மந்தமான செவியோடோ, நொந்த முதுகோடோ, இரத்த அழுத்தத்தோடோ திரும்பியவர்களும் உண்டு. அவர்கள் பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் விடுவிப்புக் காகிதங்களுள் மருத்துவக் குழுவின் அறிக்கை ஒன்று இருக்கும். இந்நோய் இராணுவ சேவையினால் உண்டானதன்று, சேவையினால் மிகுந்ததுமன்று என்னும் பொருள்பட அதில் ஆங்கிலத்தில் ஒரு வரி காணப்படலாம். அவ்வரியைத் தலையெழுத்தெனக் கொண்டு, ஊன ஓய்வூதியத்தைக் கேளாமலே இருந்துவிட்ட குடும்பங்கள் பல. அவ்வரியே இறுதித் தீர்ப்பன்று என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊன ஓய்வூதியத்திற்கு அடிப்படையாக விதிகள் கேட்பவை இரண்டு. ஊனம் நூற்றுக்கு 20 விழுக்காடேனும் இருத்தல் வேண்டும். அது சேவையினால் உண்டாகியிருத்தல் வேண்டும். அல்லது சேவையினால் மிகுந்திருத்தல் வேண்டும். இவற்றுள் ‘மிகுதல்’ என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நோயின் வித்து ஒருவரது உடலிலேயே இருந்திருக்கலாம். ஆயினும் பனிமலைக் காவலோ, ஓயாத இரவுப் பணியோ, எல்லைப்புறத்து மன உளைச்சலோ அதனை முதிரச் செய்திருப்பின், அதுவும் உரிமைக்குப் போதுமானதே.

இனி, இதனை நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது? 1982-ஆம் ஆண்டின் உரிமை விதிகள் இதில் படைவீரர் பக்கமே நிற்கின்றன. சேர்ந்த நாளில் மருத்துவர் எக்குறையும் குறித்து வைக்கவில்லையெனில், அவர் நல்ல உடல் நலத்துடனேயே சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும். பின்னர் நோயின் பொருட்டு விலக்கப்பட்டால், அந்நோய் சேவையில் வந்ததென்றே அனுமானிக்க வேண்டும். நியாயமான ஐயம் எழுமாயின் அதன் பயன் வீரரையே சாரும்.

இவ்விதிகளின் வலிமையை உலகறியச் செய்தது தரம்வீர் சிங் வழக்கு. 1985-இல் ஸிக்னல்ஸ் படையில் சிப்பாயாகச் சேர்ந்த அவர், 1994-இல் வலிப்பு நோயின் காரணமாக 20 விழுக்காடு ஊனத்துடன் விலக்கப்பட்டார். நோய் சேவையோடு தொடர்புடையதன்று என மருத்துவக் குழு எழுதியமையால் ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதியின் முன் வென்று, அமர்வின் முன் தோற்ற அவர், உச்ச நீதிமன்றம் சென்றார். 2013 ஜூலையில் அந்நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. சேர்க்கையின்போது நோயைக் கண்டறிய இயலாதிருந்தது என்று மருத்துவக் குழு கருதுமாயின், அதற்குக் காரணம் எழுத வேண்டும். காரணமற்ற வெறும் வரி செல்லாது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

அதற்காகச் சேவைக் காலத்தில் நேரும் துன்பம் அனைத்தும் சேவையோடு சேர்ந்துவிடா. விடுப்பில் ஊர் செல்லும் வழியில், இரயிலிலிருந்து இறங்குகையில் விபத்துக்குள்ளான வீரருக்கு, அவர் சொந்தச் செலவில் பயணம் செய்திருந்தபோதிலும், 1999-இல் உச்ச நீதிமன்றம் உரிமை வழங்கியது. விடுப்பில் உறவினர் இல்லத்தில் தங்கியிருக்கையில் அடிபட்ட மற்றொருவருக்கு 2015-இல் அதே நீதிமன்றம் மறுத்தது. முன்னது பணியோடு இணைந்த பயணம். பின்னதற்கும் பணிக்கும் தொடர்பில்லை. ஆகவே காயம் எங்கே, எப்போது, எதன் நிமித்தம் நேர்ந்தது என்பதைக் காட்டும் ஆவணங்களே உயிர்நாடி எனலாம்.

திரட்ட வேண்டிய ஆவணங்கள் இவை: சேர்க்கையின்போது எழுதப்பட்ட மருத்துவப் பரிசோதனைப் படிவம், விடுவிப்பின்போது கூடிய மருத்துவக் குழுவின் அறிக்கை, இராணுவ மருத்துவமனைச் சீட்டுகள், பணியாற்றிய இடங்களின் விவரம், விபத்தாயின் காய அறிக்கையும் விசாரணை நடவடிக்கைகளும். கைவசம் இல்லாதவற்றைத் தத்தம் படைப்பிரிவின் ஆவண அலுவலகத்திற்கு எழுதிப் பெறலாம். அது மதராஸ் ரெஜிமென்டினருக்கு வெலிங்டனிலும், மதராஸ் ஸாப்பர்களுக்குப் பெங்களூரிலும், ஸிக்னல்ஸ் படையினருக்கு ஜபல்பூரிலும் உள்ளது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையும் துணைக்கொள்ளலாம்.

மறுப்புக் கடிதம் வந்தால் ஆறு திங்களுக்குள் முதல் மேல்முறையீடும், அதுவும் பயனளிக்காவிடின் இரண்டாம் மேல்முறையீடும் செய்தல் நன்று. அதன் பின் நாட வேண்டியது, 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்து 2009 முதல் இயங்கி வரும் ஆயுதப் படைகள் தீர்ப்பாயம். அதன் தலைமை அமர்வு டில்லியில் உள்ளது. சென்னை, மும்பை, கொல்கத்தா, லக்னோ, ஜெய்ப்பூர் முதலிய இடங்களில் வட்டார அமர்வுகள் உண்டு. ஓய்வு பெற்றவர் தாம் இப்பொழுது வசிக்கும் பகுதிக்குரிய அமர்விலேயே வழக்கிடலாம் என்பது, ஊர் விட்டு வாழும் நமக்குப் பெரும் வசதி.

காலம் கடந்துவிட்டதே என்று சோர்வுற வேண்டா. ஓய்வூதிய மறுப்பு மாதந்தோறும் தொடரும் தீங்காகையால், காலந்தாழ்ந்த கோரிக்கையும் ஏற்கப்படுவதுண்டு. ஆயின் நிலுவைத் தொகை பொதுவாக வழக்குக்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்கே கிட்டும் என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் இழப்பே.

தொகை சிறிதாயிற்றே என்று எண்ணி விட்டுவிடுதலும் தகாது. 50-க்குக் குறைந்த ஊனத்தை 50 விழுக்காடாகக் கணக்கிடும் சலுகை, பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவர்க்கும் உண்டென 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அஃதாவது 20 என எழுதப்பட்ட ஊனம் 50 ஆகக் கொள்ளப்படும். ஒன்றை மட்டும் நினைவில் நிறுத்துக: 2023 செப்டம்பர் 21-க்குப் பின் ஓய்வு பெற்றோர்க்குப் புதிய விதிகள் பொருந்தும், மேலே கூறியவை அவர்களுக்கு அப்படியே பொருந்தா. ஆகவே விடுவிப்பு நாளை முதலில் பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

நம் தெருவிலுள்ள முன்னாள் வீரர் பலருக்கு ஆங்கிலப் படிவங்கள் இன்றும் புரியாப் புதிர்களே. சங்க அன்பர்களுள் கற்றோர் ஒரு ஞாயிறு மாலை அவர்தம் இல்லஞ் சென்று, அப்பெட்டியைத் திறக்கச் சொல்லி, காகிதங்களைப் படித்துக் காட்டுவார்களாக. சேர்க்கைப் படிவத்தில் குறை ஏதும் எழுதப்படாமலும், விடுவிப்பு அறிக்கையில் காரணம் ஏதும் கூறப்படாமலும் இருப்பின், அன்றே விண்ணப்பம் எழுதத் தொடங்கிவிடலாம்.