கேட்டவள் பார்வதி

காதலில் தோற்றவன் நாலு நாள் சவரம் செய்யாவிட்டால், "என்னடா, தேவதாஸ் ஆயிட்டியா?" என்று கேட்காத ஊர் தமிழ்நாட்டில் உண்டா? வங்க எழுத்தாளர் சரத் சந்திர சட்டோபாத்யாய் இளவயதில் எழுதி, 1917-ல் வெளியான சின்ன நாவலின் நாயகன் அவன். 1953-ல் நாகேஸ்வர ராவ், சாவித்திரி நடிப்பில் தெலுங்கிலும் தமிழிலும் படம் வந்த பிறகு, நம் வீட்டுப் பிள்ளையே ஆகிவிட்டான். படம் பார்த்துக் கண் கலங்கியவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் நாவலைப் படித்தால் அழுகையைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டு வருகிறது.

தேவதாஸோடு சிறுவயது முதல் பழகி அவனைக் காதலிக்கும் பார்வதியின் குடும்பம், பெண்ணைக் கொடுக்கப் பணம் வாங்கும் வழக்கமுள்ளது. அதிலும் பக்கத்து வீடு. தேவதாஸின் ஜமீன்தார் அப்பா சம்பந்தத்தை மறுக்க இவ்வளவு போதும். ரோஷப்பட்ட பார்வதியின் அப்பா வேறு இடம் பார்க்கிறார். இதுவரை சாதியும் அந்தஸ்தும் செய்த வேலை. இனி நடப்பதெல்லாம் தேவதாஸின் கைங்கரியம்.

நள்ளிரவில், தன்னந்தனியாக, பார்வதி அவன் அறைக்கு வருகிறாள். யாராவது பார்த்தால் அவள் கதி என்ன என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தே வந்து, தன்னை ஏற்றுக்கொள்ளும்படி நேருக்கு நேர் கேட்கிறாள். அவனோ அவள் பெயர் கெட்டுவிடுமே என்று பதறுகிறான்; அப்பா அம்மா சம்மதத்தைப் பற்றிப் பேசுகிறான். பிறகு கல்கத்தாவுக்குப் போய், உன்னை அப்படி நினைத்ததில்லை என்கிற பொருள்பட ஒரு கடிதம் எழுதுகிறான். அதைத் தபாலில் போட்ட கையோடு மனம் மாறி ஊருக்குத் திரும்புகிறான்.

இப்போது மறுப்பது பார்வதியின் முறை. குளக்கரையில் அவள் தலைநிமிர்ந்து பதில் சொன்னதும், கையிலிருந்த தூண்டில் கோலால் அவள் நெற்றியில் அடிக்கிறான். ரத்தம் வழிகிறது. அந்தத் தழும்போடுதான் அவள், வளர்ந்த பிள்ளைகள் உள்ள ஒரு ஜமீன்தாருக்கு இரண்டாம் தாரமாகப் போகிறாள். போன இடத்தில் வீட்டை நிமிர்த்தி நடத்துகிறாள். பார்வதியை இழந்து குடியில் விழுந்த தேவதாஸைக் கல்கத்தாவில் நேசித்த தாசி சந்திரமுகியோ, தொழிலை விட்டுக் கிராமத்தில் குடியேறுகிறாள். பிறகு அவனைத் தேடிக் கல்கத்தாவுக்கு வந்து, தெருவோரம் குடித்துக் கிடந்தவனைக் கண்டெடுத்துப் பணிவிடை செய்கிறாள். இரண்டு பெண்களும் ஒரு முடிவெடுத்து அதன்படி வாழ்கிறார்கள். முடிவெடுக்கத் தெரியாதவன் அவன் ஒருவன்தான்.

சாகும் முன் அவன் காப்பாற்றும் ஒரே வாக்கு, பார்வதியின் வீட்டு வாசலுக்கு வந்து சேர்வது. மாட்டு வண்டியில் வந்து, எதிரே மரத்தடியில் அநாதையாகச் சாகிறான். இப்படி ஒரு சாவு யாருக்கும் வரக்கூடாது என்று சரத் சந்திரர் நம்மிடம் இரக்கம்தான் கேட்கிறார். மாலை கேட்கவில்லை.

மாலை போட்டது நாம். பெண்ணால் கெட்டேன் என்று பாட்டிலோடு ஆடிப் பாடும் நம் படக் கதாநாயகர்களுக்கெல்லாம் தேவதாஸையே மூதாதையாகச் சொல்கிறோம். மூலக்கதையில் கேட்டவள் பெண், நழுவியவன் அவன். அந்த வம்சாவளியை ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.